இந்திய சர்க்காரின் சைக்கிள்

வரி கேட்டுப் போகிறவனுக்கு எந்த வீட்டிலும் நல்ல நேரம் நடப்பதில்லை. சாவு, பிரசவம், மாமியார் வருகை என்று ஏதாவது ஒன்று அவனுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். முப்பத்து நாலு வருஷம் நகராட்சி பில் கலெக்டராகப் படியேறி இறங்கிய அலுப்பில் சொல்கிறேன்: அத்தனை வருஷத்தில் ஒரே ஒருவர்தான் என்னிடம் உண்மையைச் சொன்னார். அவரை நான் நம்பவில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். காட்பாடி தாண்டி ஜோலார்பேட்டை வருவதற்குள், ரயிலில் தூங்குகிறவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்திருக்கிற ஊர்கள் நாலைந்து உண்டு, அதில் ஒன்று. (தோல் பதனிடும் ஊரில் பிறந்தவர்களுக்கு அது நாற்றமில்லை, சம்பளம்.) ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அங்கே தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தேன். கமிஷனர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், "மார்ச்சுக்குள்ள உன் வார்டு பாக்கி முக்கால்வாசி வந்துட்டா வேலை நிரந்தரம். இல்லன்னா ஏப்ரல்ல வேற ஆளு." எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிரந்தர உத்தரவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பத்திரிகை அடிப்பேன் என்று வருங்கால மாமனார் சொல்லியிருந்தார்.

என் பட்டியலில் பெரிய பாக்கி ஒரே கட்டடம். யாரோ ஒரு தோல் முதலாளி பெயரில் இருந்தது. போய்ப் பார்த்தால் தபால் ஆபீஸ். முதலாளி அதை எப்போதோ தபால் இலாகாவுக்கு விற்றுவிட்டார்; எங்கள் பதிவேட்டுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

போஸ்ட்மாஸ்டர் ஒல்லியான, பொறுமையான மனிதர். நான் நீட்டிய நோட்டீசை இரண்டு முறை படித்தார்.

"தம்பி, இது மத்திய சர்க்கார் கட்டடம். முனிசிபாலிட்டி வரி போட முடியாது. சட்டத்துலயே இருக்குது."

"தெருவுல லைட்டு யாருது சார்? சாக்கடை அள்றது யாரு?"

"நீங்கதான். அதுக்கு டில்லிக்கு எழுதிக் கேளுங்க. எங்கிட்ட இன்னா இருக்குது, ஸ்டாம்புதான்."

முந்தின வாரம்தான் ஒருவர், தான் குடியிருக்கும் வீடு தன்னுடையதே அல்ல என்று என்னிடம் சத்தியம் செய்திருந்தார். அந்த வரிசையில் இவரையும் சேர்த்தேன். ஜப்தி வாரண்டு எழுதி, மற்றவற்றோடு கத்தையாக மேனேஜரிடம் வைத்தேன். அவர் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். (அவர் எதையும் பார்த்ததில்லை.)

மறுநாள் காலை, தபால் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற சிவப்புச் சைக்கிளை ஜப்தி செய்தேன். வழக்கமாக அண்டா, பித்தளைக் குடம், ரொம்ப முரண்டு பிடித்தால் வாசல் கதவு, இவைதான் எனக்குக் கிடைக்கும். சைக்கிள் எனக்குப் பதவி உயர்வு மாதிரி இருந்தது. ஏறி, மணி அடித்துக்கொண்டே ஓட்டி வந்து, நகராட்சிக் கிடங்கில் பூட்டினேன். ஊரில் தந்தி கொடுக்க இருந்த ஒரே சைக்கிள் அதுதான் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது பொய். யோசிக்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு, கோட்டு போட்ட ஒருவர் வியர்த்து வழிய, கைக்குட்டையால் மூக்கை மூடியபடி ஆபீசுக்குள் நடந்து வந்தார். எங்கள் குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்க டில்லியிலிருந்து வந்த அதிகாரி. மூன்று வருஷமாக மனுப் போட்டு நாங்களே வரவழைத்தவர். ஸ்டேஷனில் அவரை அழைக்க ஒரு ஈ காக்கை கூட இல்லை.

"காலையில் மெட்ராஸிலிருந்து தந்தி கொடுத்தேனே, வரவில்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கமிஷனர் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "வரல சார்."

அப்போதுதான் தந்தி சேவகர் காதர் பாய், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார். காலையிலிருந்து தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் நடந்தே தந்தி கொடுத்துவிட்டு, கடைசியாக எங்களுக்கு. கமிஷனர் அவர் மேல் பாய்ந்தார்.

"ஏன்யா இவ்ளோ லேட்டு?"

"சைக்கிளு உங்க கிடங்குலதான் சார் இருக்குது. நான் இன்னா பண்றது? காலையிலேர்ந்து ஒரே பேஜாரு."

விஷயத்தை யாரோ அதிகாரிக்கு மொழிபெயர்த்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "காலையில் இந்திய சர்க்காரை ஜப்தி செய்துவிட்டு, மத்தியானம் அதனிடமே கடன் கேட்கிறீர்களா?" என்று கமிஷனரை அமைதியாகக் கேட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். தோல் கழிவு ஊறிய எங்கள் கிணற்றுத் தண்ணீர். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார். அதைவிட நல்ல மனு எங்களால் போட்டிருக்க முடியாது, அதுவும் எடுபடவில்லை.

சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, நானே தள்ளிக்கொண்டு போய் ஒப்படைத்தேன். மன்னிப்புக் கடிதம் தபாலில் வந்தால்தான் பதிவாகும் என்று சொல்லி, போஸ்ட்மாஸ்டர் எனக்கே தபால்தலை விற்றார். அந்த வருஷம் எங்கள் ஊருக்கும் டில்லிக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். என் உத்தரவு வர இரண்டு வருஷம் ஆயிற்று, பெண் காத்திருந்தாள். குடிநீர்க் கடன் வர நாலு வருஷம். அதுவரை ஊரே அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. அந்த வெட்கம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது என் மகனுக்குத் தபால் இலாகாவில் வேலை. என் வீட்டில்தான் இருக்கிறான், என் விளக்கு, என் தண்ணீர், அவன் அம்மா சமையல். முதல் தேதி வீட்டுச் செலவுக்குக் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டே சொல்கிறான்:

"நைனா, நான் மத்திய சர்க்கார். என் மேல நீ வரி போட முடியாது. மனு எழுதிக் குடு, பாக்கலாம்."

"மனுவெல்லாம் எழுதாதீங்க" என்கிறாள் அவன் அம்மா, உள்ளேயிருந்து. "சைக்கிளு வாசல்லதான் நிக்குது."

நான் காகிதத்தை எடுத்து மனுவே எழுதுகிறேன்.