பலகை மட்டும் போன ஊர்வலம்

பக்தி அதிகமாக இருப்பவனிடம் கயிறு கட்டும் வேலையைக் கொடுக்கக் கூடாது. சாமி கும்பிடச் சொல்லுங்கள், மாலை கட்டச் சொல்லுங்கள், பொங்கல் பானைக்கு அடுப்பு மூட்டச் சொல்லுங்கள். படகுக்குக் கயிறு மட்டும் கட்டச் சொல்லாதீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். இந்த ஒரு பாடத்தை மட்டும் பழவேற்காடு ஏரிக்கரையில், ஊரே வேடிக்கை பார்க்கப் படித்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். நானும் மச்சானும் சேர்ந்து முப்பத்திரண்டு அடியில் ஒரு ஃபைபர் படகு செய்திருந்தோம். அதற்கு முன் என்னிடம் இருந்தது பதினெட்டு அடிப் படகு. அதை ட்ரெய்லரில் ஏற்ற நாலு பேர் போதும். மூச்சைப் பிடித்து ஒரு தூக்கு, முடிந்தது வேலை. புதுப் படகு அப்படியா? பக்கத்தில் போய் நின்றால் கல்யாண மண்டபத்துச் சுவர் மாதிரி இருந்தது.

படகு கிடந்தது ஏரியில். ஓட வேண்டியதோ கடலில், என் மாமனாருடைய குப்பத்தில். வழக்கமாக முகத்துவாரம் வழியாக ஏரியிலிருந்து கடலுக்கு ஓட்டிப் போய்விடுவோம். அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. ட்ரெய்லரில் ஏற்றி, ரோட்டில் இழுத்து, பாலம் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அது முடிவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும், உச்சிக்கு மேல் புதுப் படகை இறக்கும் வழக்கமில்லை. மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் ஆட்கள் புதுப் படகைக் கடலில் இறக்க மாட்டார்கள். பத்தரைக்குள் படகு கடலைத் தொடாவிட்டால் ஒரு மாதம் மணலில் கிடந்து காய வேண்டியதுதான், எங்கள் இரண்டு குடும்பமும் அதோடு சேர்ந்து காய வேண்டியதுதான். மாமனார் குப்பத்தில் மேளக்காரர்களை நிறுத்திவைத்திருந்தார். மச்சான் இன்ஜினோடு அங்கே காத்திருந்தான்.

"நீங்க கவலப்படாதீங்க மாமா. படகு ஏத்தறது இந்தக் கன்னியப்பனுக்கு இன்னா புதுசா?" என்று முதல் நாள் சொன்ன வாய் என்னுடைய வாய்தான்.

டிராக்டர் கொண்டுவந்தவர் முனுரத்தினம். ஏரிக்கு மேற்கே நெல் விளைவிக்கிறவர். நெல் மூட்டை ஏற்றியிருக்கிறார், வைக்கோல் ஏற்றியிருக்கிறார், படகு ஏற்றியதில்லை. படகுக்கான ட்ரெய்லரைப் படகு செய்த இடத்திலேயே கொடுத்திருந்தார்கள். பலகையே இல்லாத வெறும் இரும்புச் சட்டம், நடுவில் ரப்பர் உருளைகள், முன்னால் கையால் சுற்றுகிற ராட்டினம். ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னால் தள்ளி, ராட்டினத்துக் கயிற்றைப் படகில் கட்டிச் சுற்றினால், படகு மிதந்தபடியே உருளைமேல் ஏறிவிடும். முனுரத்தினத்துக்கு வண்டி தெரியும், படகு தெரியாது. எனக்குப் படகு தெரியும், வண்டி தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். (பாதி ஆள்கூடத் தேறவில்லை.)

டச்சுக்காரன் கோட்டை இருந்த மேட்டை ஒட்டி ஒரு சரிவு இருக்கிறது. அந்தக் காலத்தில் அவன் அங்கேதான் சரக்கு ஏற்றினான் என்பார்கள். அவன் எப்படியோ ஏற்றிவிட்டான்.

காலை எட்டு மணிக்குப் பூஜை போட்டேன். படகின் மூக்கை நாங்கள் அணியம் என்போம். அம்மன் குடியிருக்கிற இடம் அது. செருப்புக் கால்கூட அங்கே படக் கூடாது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி முடித்தேன். முனுரத்தினம் கொக்கி வைத்த ராட்டினத்துக் கயிற்றோடு வந்தார். அணியத்தில் பதித்திருந்த இரும்பு வளையத்தைக் காட்டினார்.

"இதுலதானே நைனா மாட்டணும்?"

நான் குறுக்கே பாய்ந்தேன். "யோவ், கைய எடு! அம்மன் கழுத்துல கயிறு மாட்டி இஸ்துகினு போவியா? மாடா அது?"

என் மனைவி லோகம்மாள் தேங்காய் மூடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் எதுக்குய்யா அங்க வளையம் வெச்சிக்கீறான்? கம்மல் போடவா?"

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு லோகு."

படகைத் திருப்பி, பின்பக்கத்தை ட்ரெய்லருக்குக் காட்டினேன். அங்கே இன்ஜின் மாட்டுவதற்கு ஒரு தேக்குப் பலகை இருந்தது. கனமான பலகை. பலகைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கயிற்றை அதில் நாலு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். முடிச்சில் ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். அந்தப் பலகைக்கு இன்னும் போல்ட் முடுக்கவில்லை, சும்மா செருகித்தான் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது.

படகு பின்பக்கமாக உருளைமேல் ஏறி முட்டிக்கொண்டு நின்றது. நான் பட்டுக்கரை வேட்டியோடு, கையில் கற்பூரத் தட்டோடு படகில் ஏறி நின்றுகொண்டேன். (கோயில் தேரில் குருக்கள் நிற்பதில்லையா, அந்த நினைப்பு.)

"குறுக்க இன்னொரு கயிறு போடலாமா நைனா? வைக்கோலுக்கே போடுவோம்," என்றார் முனுரத்தினம்.

"அம்மா பாத்துப்பா. நீ வண்டிய எடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. நல்ல காரியத்துக்குக் கெளம்பினா திரும்பிப் பாக்கக் கூடாது. குப்பம் போயி சேர்ற வரிக்கும் பின்னால பாக்காத."

நல்ல மனுஷன். சொன்னதை அப்படியே கேட்டார்.

டிராக்டர் உறுமிக்கொண்டு மேடு ஏறியது. 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி நான் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ட்ரெய்லர் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்னே கயிற்றில் என் தேக்குப் பலகை துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது. படகும் நானும் கற்பூரமும் வழுக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினோம்.

"முனுரத்னோம்!" என்று கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் எமனே கூப்பிட்டாலும் கேட்காது. ஊர்க்காரர்கள் கை காட்டிக் கத்தினார்கள். வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து அவரும் கை காட்டிவிட்டுப் போனார்.

மேல்காற்று தள்ள, படகு கரையைவிட்டு நகர்ந்தது. துடுப்பு இல்லை, கழி இல்லை, இன்ஜின் குப்பத்தில். பத்து வயதிலிருந்து ஏரியில் கிடந்தவன் நான். அன்றைக்கு என்ன வந்ததோ, "காப்பாத்துங்க! காப்பாத்துங்க!" என்று அலறினேன்.

பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். தண்ணீர் அவள் முட்டிக்குத்தான் இருந்தது.

"இன்னாண்ணே, எறங்கி நடயேன்."

"வேட்டி நனஞ்சிடும்மா!"

"அப்ப உசுரு போனா பரவால்லியா? எதுனா ஒண்ணு முடிவு பண்ணிட்டுக் கத்துண்ணே. எறாலு ஓடுது."

கரையில் எழுந்த சிரிப்பு எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் கேட்டிருக்கும். இறங்கினேன். வேட்டி நனைந்தது. சேறு இடுப்பு வரை அப்பியது. லோகம்மாளும் இன்னும் நாலு பேரும் இறங்கி வந்து படகைப் பிடித்தார்கள்.

அங்கே முனுரத்தினம் கடைத்தெருவைத் தாண்டிவிட்டார். பூஜை போட்ட பலகை ஒன்று தனியாக ஊர்வலம் போவதைப் பார்த்து ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாராம். பாலத்தருகே பஸ் டிரைவர் ஒருவர் குறுக்கே மறித்து, "யோவ், படகு எங்கய்யா?" என்று கேட்டபோதும் இவர் திரும்பவில்லையாம். "பின்னால கீது. நான் பாக்கக் கூடாது. நீங்களே பாத்துக்குங்க," என்றாராம்.

டிரைவர் பலகையைக் கழற்றிக் கையில் கொடுத்த பிறகுதான் நம்பினாராம். முனுரத்தினம் திரும்பி வந்தபோது மணி ஒன்பதரை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ராகு காலம், ஆடி, மாமனார், மேளம் எல்லாம் சேர்ந்து தலைக்குள் சுற்றின. "அம்மா, உன் மரியாதைய காப்பாத்தத்தானே செஞ்சேன். எனக்கு ஏன் இப்படி?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

பதில் சொன்னது லோகம்மாள். "கயிறு போட்டா அம்மன் கோவிச்சுக்குவான்ற. அவ மூஞ்சியத் திருப்பி, பின்னால பாக்க வெச்சு இஸ்துகினு போனா மட்டும் சிரிப்பாளா?"

கயிற்றை அவளிடமே நீட்டினேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அணியத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். இரும்பு வளையத்துக்கு ஒரு பொட்டு வைத்தாள். "தாயே, இது கயிறு இல்ல, தேர் வடம். நாங்க இஸ்துகினு வரோம், நீ குந்திகினு வா," என்று சொல்லிவிட்டுக் கொக்கியை மாட்டினாள். நாலு வருஷமாக ஒரே வீட்டில் சாமி கும்பிடுகிறோம். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

'வடம்' என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் தண்ணீரில் இறங்கிவிட்டது. ராட்டினம் சுற்ற ரெண்டு பேர், பக்கம் பிடிக்கப் பத்துப் பேர். இறால்காரப் பெண்ணும் கூடையை வைத்துவிட்டு வந்து ஒரு கை கொடுத்தாள். அணியம் முன்னால் பார்க்க, படகு கம்பீரமாக ஏறி உட்கார்ந்தது. குறுக்கே வைக்கோல் கட்டுகிற கயிறு ரெண்டு போட்டோம். கிளம்பும் முன் முனுரத்தினம் இந்த முறை கழுத்து சுளுக்குமளவு திரும்பிப் பார்த்தார்.

"கன்னியப்பன் எறங்கிட்டாரா?"

"எறங்கியாச்சு!" என்றது ஊர்.

பத்து இருபத்தைந்துக்குப் படகு கடலைத் தொட்டது. மேளம் முழங்கியது. மாமனார் என் வேட்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இன்னா மாப்ளே, நீந்தி இஸ்துகினு வந்தியா?" என்றார்.

பிறகு எங்கள் கரையில் யார் படகு ஏற்றினாலும், வண்டி கிளம்பும் முன் "கன்னியப்பன் எறங்கிட்டாரா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சரி, நம் ஊர்க்காரர்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் லோகம்மாளும் நானும் ஒரு கல்யாணத்துக்காகச் சுண்ணாம்புக்குளம் போயிருந்தோம். ஏரிக்கரையில் ஒருவர் படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார். முறுக்கு மீசைக்காரர், முன்பின் பார்த்ததில்லை. தேங்காய் உடைத்தார். வானத்தைப் பார்த்து மூன்று முறை குரல் கொடுத்தார். "கன்னியப்பா எறங்கு! கன்னியப்பா எறங்கு! கன்னியப்பா எறங்கு!"

"யாருங்க அது கன்னியப்பன்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சரியா தெரிலண்ணே. தெக்கத்திப் பக்கம் ஒரு சாமியாம். படகு மேல வந்து குந்திக்குமாம். எறங்கச் சொல்லாத வண்டிய எடுத்தா படகு பின்னால வழுக்கிடுமாம். பொல்லாத சாமி."

"படையல் எதுனா உண்டா?" என்று கேட்டாள் லோகம்மாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"சுருட்டு வெப்போம்கா."

"சுருட்டு புடிக்காதே அந்தச் சாமி. பொகை பட்டாலே இருமும்."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு அங்கிருந்து நடையைக் கட்டினேன். இப்போது தினமும் காலையில் லோகம்மாள் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, கைகூப்பி நிற்கிறாள். "பொல்லாத சாமி, எறங்கி வந்து குடி." அம்மனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆறுவதற்குள் குடித்துவிடுகிறேன்.