லிங்கசாமியின் காற்றுக்குழாய்

காற்றுக்கு ஒழுக்கம் கற்பித்த பெருமை மண்ணரை லிங்கசாமியையே சேரும். 1994 கோடை வரை அவருடைய பனியன் கம்பெனியில் காற்று தன்னிஷ்டத்துக்கு ஜன்னல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஜன்னல்களை அடைத்த பிறகு, அயர்ன் மேஜையில் நின்ற மருதாள் ஒருநாள் மயங்கி விழுந்தாள். அதைவிடப் பெரிய துயரம் அடுத்த வாரம் நேர்ந்தது. 'தொழிலாளர்களுக்குக் குளிர்காற்று இல்லையென்றால் ஆர்டர் இல்லை' என்று பனியன் வாங்கும் ஜெர்மன் பையர் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார்.

லிங்கசாமி துடித்துப்போனார். கோயமுத்தூரிலிருந்து இன்ஜினியர் ஞானசம்பந்தம் வரவழைக்கப்பட்டார். 'காற்றுக்குழாய்த் தேர்வுக் குழு' கூடியது. குழு என்பது லிங்கசாமியும் அவர் மச்சினன் அப்புசாமியும்.

"மெயின் காத்துக்குழாய் ரெண்டரை அடி அகலம் வேணுமுங்க," என்றார் இன்ஜினியர்.

"அத்தன அகலம் போட்டா பொட்டி அடுக்க எடம் வேண்டாமுங்களா? ஒரு அடி போதுமுங்க. ஆனா பளபளன்னு இருக்கோணும்," என்றார் லிங்கசாமி.

"ஒடுங்குனா காத்து கடைசி வரைக்கும் போகாதுங்க. அதுலயும் மொதல் கிளைய உங்க ரூமுக்குக் கேக்கறீங்க. அங்க ஒரு தடுப்புத் தகடாவது வெக்கோணும். இல்லீன்னா மொத்தக் காத்தும் அங்கியே எறங்கிருமுங்க."

"என்ற காத்த எனக்கே தடுக்கறதுங்களா?"

லிங்கசாமியின் குரல் தழுதழுத்தது. தகடு தள்ளுபடியானது.

குளிர் மெஷின் வந்தது, குழாய் ஏறியது. பளபளப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. தையல்காரப் பெண்கள் அண்ணாந்து பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள். லிங்கசாமியோ தன் அறையில், சித்திரை மாதத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிர்வாகம் செய்தார்.

பையர் வந்தார். நேராக மருதாளிடம் போய் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"காத்து வருதான்னு கேக்கறாரு கண்ணு," என்றார் அப்புசாமி.

மருதாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "வருதுங்க. மொதலாளி ரூம் கதவத் தொறக்கறப்பெல்லாம் வருதுங்க."

லிங்கசாமிக்கு ஸ்வெட்டருக்குள் வியர்த்தது. அப்புசாமி ஒரு கணமும் தயங்கவில்லை. "எல்லாக் காற்றும் முதலாளியின் கருணையால் வருகிறதாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பையர் நெகிழ்ந்து, லிங்கசாமியின் கையைக் குலுக்கி, ஆர்டரில் கையெழுத்திட்டார்.

ஊழியர் குறை கேட்பதில் லிங்கசாமிக்கு நிகர் யாருமில்லை. மருதாள் சொன்ன சொல் அவர் மனத்தில் தைத்துவிட்டது. அன்று மாலையே ஆசாரியை வரவழைத்து, தன் அறைக் கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் போட்டுவிட்டார்.