கழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி

இன்று பகல் பன்னிரண்டு மணி வரை குழந்தையைத் தொடுவதில்லை என்று டிசைனர் பல் துலக்கும்போதே தீர்மானம் செய்துகொண்டார். கடந்த நாற்பத்தொரு நாளாக அவர் கடைப்பிடித்து வரும் தீர்மானம்தான். இன்றைக்குத்தான் அதற்கு உருப்படியான ஒரு காரணம் வாய்த்திருந்தது.

குழந்தை பிறந்து எத்தனை நாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் இதுதான். ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் வாசல் பலகைக்கு, ஓர் அம்மா பிள்ளையை ஏந்திய மாதிரி ஒரு கோட்டுச் சித்திரம் கேட்டிருந்தார்கள். ஐந்தாறு வளைகோடுகள், அவ்வளவுதான். டிசைனர் லேப்டாப்பில் இரண்டு முறை வரைந்து அனுப்பினார். இரண்டு முறையும் திரும்பி வந்தது. இரண்டாம் முறை தலைமை நர்ஸம்மாவே போன் செய்தார்.

"தம்பி, இத வாசல்ல மாட்டினா உள்ள வர்ற பொண்ணுங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. அந்தக் கையப் பாருங்க. பிள்ளைக்குக் கழுத்தே நிக்காது."

மூன்றாவது படம் இன்று பன்னிரண்டுக்குள் போயாக வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்கு.

கழுத்து. அந்த வார்த்தையைக் கேட்டாலே டிசைனருக்கு உள்ளங்கை வியர்க்கும். வீட்டிலிருக்கிற பாப்பாவுக்கும் கழுத்து நிற்கவில்லை. பிறந்த அன்று துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தபோது அந்தத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு விரற்கடை சாய்ந்திருக்கும். அதற்குள் டிசைனருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அன்று கையை எடுத்தவர்தான். தினமும் தொட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று, கூண்டுப் புலியைப் பார்ப்பவர் போலப் பார்த்துவிட்டு வருவார். பயம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? வேலை என்று சொன்னார்.

வேலை என்றால் நோடு. கோட்டின் மேல் குட்டிச் சதுரமாக உட்கார்ந்திருக்கும் புள்ளி. அதன் இரண்டு பக்கமும் மீசை மாதிரி இரண்டு கைப்பிடி. மீசையை முறுக்கினால் கோடு வளையும். டிசைனர் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

மனைவி குழந்தையோடு வந்து எதிரில் நின்றாள். அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு வளைவுகள். யாரும் வரையாமலே கச்சிதமாக விழுந்திருந்தன.

"ஏங்க, ராத்திரி மொத்தமே ஒண்ணரை மணி நேரந்தான் தூங்கினேன்."

"ம்."

"அதுவும் துண்டு துண்டா."

"அடடா."

"ஒரு மணி நேரம் இவள வச்சுக்கங்க. நான் கொஞ்சம் கண்ண மூடிக்கறேன்."

"பக்கத்துல வராத. மேஜை அசையுது. கோடு கெட்டுடும்."

"நான் மேஜையத் தொடவே இல்லையே."

"காத்து அசையுது."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு பட்டியல் நீளமாகத் தொங்கியது. செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும் பட்டியல். தப்பு நேர்ந்தால் பின்னால் போய்த் திருத்திக்கொள்வதற்காக. டிசைனர் அவசரமாகக் கையால் மறைத்தார். விரலிடுக்கில் அவள் படித்துவிட்டாள்.

"நோடு நகர்த்தல். ரத்து. நோடு நகர்த்தல். ரத்து. நோடு நகர்த்தல். ரத்து." குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "நாலு நாளா இந்த ஒரு புள்ளிய மேலயும் கீழயும் லிஃப்ட்ல ஏத்தி இறக்கிட்டு இருக்கீங்களா?"

"நுணுக்கமான வேலை. உனக்குப் புரியாது."

"ஏன் புரியாது? ஏழாம் மாசம் எழுந்து போக முடியாம இந்த நாற்காலியில மாட்டிக்கிட்டிருந்தேனே, அப்ப முழுசா சொல்லிக்கொடுத்தீங்க. வளைவு நல்லா வரணும்னா நோடு கம்மியா இருக்கணும்னு. இங்க ஒரு கைக்கே பதினேழு இருக்கு."

"பதினெட்டு" என்றார் டிசைனர். நேர்மையானவர்.

"இது பிள்ளையத் தூக்கற கை மாதிரியா இருக்கு? ஓட்டல்ல தட்டு ஏந்தற கை. தலை முழங்கை மடிப்புல வரணுங்க. ஒரு தடவை தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

டிசைனர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அதை அவள் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"கழுத்துக்குப் பயமா?"

"பயமா? எனக்கா? வேலை."

"எனக்கும்தான் பயம். ஒவ்வொரு நாளும் இவளக் குளிப்பாட்டி முடிக்கிற வரைக்கும் நான் மூச்சே விடறதில்ல. யார்கிட்ட சொல்றது? நீங்கதான் வேலையா இருக்கீங்களே."

கடிகாரம் ஒன்பது காட்டியது.

"சரி. நோடெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க மாடலா நில்லுங்க."

"நீ தூக்கிட்டு நில்லு. நான் பாத்து வரையறேன்."

"நாலு நாளா நான்தான எதிர்ல தூக்கிட்டு நிக்கறேன். பாத்தீங்களா?"

டிசைனர் இரண்டு கையையும் மெதுவாக நீட்டினார்.

குழந்தை கைமாறியது. இடது முழங்கை மடிப்பில் தலை, அடியில் வலது கை. டிசைனர் மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே விடுவது குறித்துப் பிறகு யோசிக்கலாம் என்று வைத்துக்கொண்டார். மனைவி லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள்.

"இங்க ஜன்னல் வெளிச்சம் திரையில அடிக்குது. உள் ரூம்ல உக்காந்துக்கறேன். கதவு திறந்தே இருக்கும், நீங்க எனக்குத் தெரிவீங்க. அப்படியே நில்லுங்க."

அப்படியே நின்றார். கதவு வழியாக அவள் கால் பெருவிரல் மட்டும் தெரிந்தது. மவுஸ் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா?"

"ஒரே ஒரு நோடு."

மூக்கு அரித்தது. பொறுத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா?"

"கைப்பிடி ஒண்ணு அடம் பிடிக்குது."

பிறகு மவுஸ் சத்தம் நின்றுவிட்டது. நுணுக்கமான வேலையில் சத்தமே வராது என்பது டிசைனருக்குச் சொந்த அனுபவம். எனவே கூப்பிடவில்லை.

பத்து மணி. குழந்தை விக்கியது. டிசைனரும் விக்கினார். பத்தரைக்கு அது கண்ணைத் திறந்து, அவர் மீசையை வெகுநேரம் பரிசீலித்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. பதினொன்றுக்கு இடது கை அவருடையதாக இல்லை. ஆனால் கழுத்து சாயவில்லை. குனிந்து பார்த்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே வளைவு. எண்ணிப் பார்த்தால் மூன்று நோடு போதும்.

பதினொன்று ஐம்பது. பெருவிரல் அசையவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் வளைவு கலையும். போகாவிட்டால் வேலையே போகும். அப்போது பார்த்துச் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. குழந்தை முழித்துக்கொள்ளுமே என்ற பதற்றத்தில் வலது கையால் சட்டென்று எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான், ஒற்றைக் கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது உறைத்தது.

"படம் இன்னும் பத்தே நிமிஷத்துல வந்துடும் நர்ஸம்மா" என்று கிசுகிசுத்தார்.

"என்ன தம்பி, இன்னொண்ணா? ஒன்பதரைக்கே வந்துடுச்சே. பலகை வெட்டக் கொடுத்தாச்சு. கை அவ்வளவு பாந்தமா இருக்கு. அம்மாவுக்குப் பதிலா அப்பாவ வரைஞ்சிருக்கீங்க, அதுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. மீசையும் இருக்கட்டும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

டிசைனர் பயப்பட மறந்துபோய் உள் அறை வரை நடந்தே போனார். லேப்டாப் மூடியிருந்தது. மனைவி கட்டிலில், வாய் லேசாகத் திறந்திருக்க, தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

"ஒன்பதரைக்கே முடிஞ்சிடுச்சாமே" என்றார் டிசைனர், குழந்தைக்குக் கேட்காமல்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அசையாதீங்க. கோடு கெட்டுடும்."