விசில் அடிக்காத குக்கரும் கீழ்வீட்டு டீச்சரும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். பாப்பா தூங்கிவிட்டாள். உங்கள் தம்பியும் தூங்கிவிட்டார். அவர் தூங்குகிற அழகைப் பார்த்தால் இன்றைக்கு இந்த வீட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் விளக்குப் போட்டால் பாப்பா எழுந்துவிடுவாள் என்பதால் சமையல் மேடையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? பூனை சாப்பிடுகிறதா? இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். இனிமேல் நடந்ததை எழுதுகிறேன்.

அடுத்த மாதம் முதல் தேதி நான் மறுபடி வேலையில் சேர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சேராவிட்டால் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் நாற்காலியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக எங்கள் மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதெல்லாம் இதுவரை நடந்திருக்கிறது. பாப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள இந்தக் கட்டிடம் முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைத்த ஒரே ஆள் கீழ்வீட்டு டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், பால்கனி நிறையத் தொட்டி வைத்திருக்கிறார். யாரைக் கண்டாலும் உதட்டைப் பிதுக்குகிற நம் பாப்பா அவரைக் கண்டால் மட்டும் கை கட்டாத குறையாக அடங்கி உட்காருவாள். நான் கெஞ்சிக் கேட்டபோது டீச்சர் என்ன சொன்னார் தெரியுமா?

“பாத்துக்கறதுல ஒண்ணும் இல்லம்மா. ஆனா சத்தம் போடற வீட்டுக் குழந்தை எனக்கு ஒத்து வராது. எனக்குத் தலைவலி வரும். சனிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வரேன். வீடு எப்படின்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

சொல்லிவிட்டு ஒரு துணிப்பையை என் கையில் திணித்தார். “என் தொட்டியில வந்தது. இதையே சமைச்சு வை.”

பையைத் திறந்தால் உள்ளே நாலு உருண்டைகள். பச்சையாக, தடித்த காம்போடு, செதில் செதிலாக, செதில் நுனியிலெல்லாம் முள்ளோடு. நான் பூ என்று நினைத்துக் குவளையில் தண்ணீர் ஊற்றி டீவி பக்கத்தில் வைத்துவிட்டேன். உங்கள் தம்பி ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “இது என்ன, தாமரை மொட்டு சண்டைக்குக் கிளம்பின மாதிரி இருக்கு?” என்றார். என் போனில் படம் பிடித்துத் தேடினோம். ஆர்டிசோக்காம். காய்தானாம். ஒரு மனிதர் அதைச் சமைத்துக் காட்டுகிற வீடியோவும் கிடைத்தது. நுனியை வெட்டு, முள்ளைக் கத்தரி, எலுமிச்சையைத் தேய், கரண்ட் குக்கரில் தட்டு வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு எட்டு நிமிஷம் வை என்று தங்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், “இதைச் சாப்பிடுவது எப்படி என்றால்” என்று வாயெடுத்த நேரத்தில் பாப்பா போனைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள். அது இப்போது அரிசி டப்பாவுக்குள் புதைந்து கிடக்கிறது. உங்க போன்ல பாருங்களேன் என்று உங்கள் தம்பியிடம் கேட்டதற்கு, “சாப்பிடறதக் கூடவா படம் பாத்துக் கத்துக்கணும்? வாயில போட்டா அதுவே போயிடும்” என்றுவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி, பின்னால் வேலை இருக்கிறது.

கரண்ட் குக்கர் என்றதும்தான் பாப்பா பிறந்தபோது நீங்கள் கொடுத்தது நினைவுக்கு வந்தது. “இது விசில் அடிக்காது, குழந்தை பாட்டுக்குத் தூங்கும், நீ பாட்டுக்குச் சமைக்கலாம்” என்று சொல்லிக் கொடுத்தீர்களே, அதேதான். அந்த அன்பை நான் மறக்கவில்லை. ஆனால் விசில் அடிக்காத குக்கரை எப்படி நம்புவது? பருப்பு என்றால் மூணு, கிழங்கு என்றால் நாலு என்று விசிலை வைத்தே சமைத்துப் பழகியவள் நான். இது கொதிக்கிறதா, தூங்குகிறதா, வெடிக்கப் பார்க்கிறதா, எதையும் வாயைத் திறந்து சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் நான் எதை எண்ணிச் சமைப்பது? உங்கள் தம்பியிடம், “எட்டு நிமிஷம்னா எத்தனை விசில்?” என்று கேட்டேன். கேட்டது என் தப்புதான். அவர் பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிறவர், கேள்வி கேட்டால் பதில் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். பேப்பரில் என்னவோ கோடு போட்டு, “மூணு” என்றார். “சரி, ஆனா இதுதான் விசிலே அடிக்காதே” என்றேன். அவர் யோசித்தார். அப்புறம் முகமெல்லாம் மலர்ந்து, “பழைய குக்கர்ல வெறும் தண்ணிய ஊத்திப் பக்கத்து அடுப்புல வை. இதுக்குப் பதிலா அது அடிக்கட்டும்” என்றார்.

நான் வேதியியலில் முதல் வகுப்பு அண்ணி. அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும் என்று படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவள். அந்த நான், அந்த நிமிடத்தில், இது நல்ல யோசனை என்று நினைத்தேன். ராத்திரி ராத்திரியாகத் தூக்கம் இல்லாவிட்டால் மனுஷிக்குப் படிப்பெல்லாம் எங்கே போய்விடுகிறதோ.

ஆக இன்று சாயங்காலம், டீச்சர் வருவதற்கு முன்னால், நீங்கள் கொடுத்த குக்கருக்குள் மூன்று ஆர்டிசோக்கை வைத்து (நாலாவது கொள்ளவில்லை, மேடையில் கிடந்தது) மூடி, பக்கத்தில் பழைய குக்கரில் பச்சைத் தண்ணீரை வைத்து அடுப்பை மூட்டினோம். பாப்பா உள்ளறையில் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாள். உங்களுடைய குக்கர் முகத்தில் என்னவோ ஆங்கில எழுத்தைக் காட்டிக்கொண்டு சமாதியில் இருந்தது. பழையது அடித்தது பாருங்கள் முதல் விசில், வீடே அதிர்ந்தது. உள்ளே வெறும் தண்ணீர்தானே, அடக்க ஆளில்லை. பாப்பா வீல் என்று எழுந்தாள். நான் ஓடினேன். அவளைத் தோளில் போட்டுத் தட்டுவதற்குள் இரண்டாவது. அவள் அழுகிற சத்தத்தில் அதற்கு அப்புறம் வந்தது ஒன்றா இரண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

“மூணு வந்தாச்சு, ரெண்டையும் அணைச்சிடு!” என்று இவர் கத்துகிறார்.

“நாலு வந்துச்சுங்க!”

“மூணுதான்! நான் இங்கயே நிக்கறேன்!”

“உங்க அக்கா குடுத்தது இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்கலங்க! அதோட நேரமே ஓட ஆரம்பிக்கல, பாருங்க!”

பார்த்தார். அப்போதுதான் அது சாவகாசமாக எட்டு என்று காட்டியது. பழையதை மட்டும் அணைத்துவிட்டு நாங்கள் மூவரும் அதன் முன்னால் நின்றோம், ஒருத்தி அழுதுகொண்டு. எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கிச் சைபருக்கு வந்தது. வந்ததும் நின்றதா? மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற ஆரம்பித்தது. உங்கள் தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. “போய்ச் சேந்த வண்டி எதுக்கு மறுபடி கிளம்புது?” என்கிறார். ஏதோ உள்ளே வளர்கிறது, வெடிக்கப் போகிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. ஆவியைத் திறந்துவிட வேண்டும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நீளமான தோசைத் திருப்பியை எட்டிப் பிடித்து, குக்கர் மூடி மேலிருந்த ஆவிக் குமிழை ஒரு தட்டுத் தட்டினார். புஸ்ஸென்று கூரை வரை ஆவி. ஆவிக்கு நடுவில் காலிங்பெல்.

டீச்சர்.

கதவைத் திறந்தது உங்கள் தம்பி. ஹெல்மெட்டோடு. கையில் தோசைத் திருப்பியோடு. “வாங்க டீச்சர்” என்றார், முகத்துக் கண்ணாடியை ஏற்றாமலே. டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எங்கயாவது கெளம்பறீங்களா?” என்று மட்டும் கேட்டார். இவர், “இல்ல டீச்சர், சமையல்” என்றார்.

இனிமேல்தான் அண்ணி நான் அழுத இடம். மேசையில் ஆளுக்கொன்றாகத் தட்டில் வைத்தேன், பக்கத்தில் உருக்கின வெண்ணெய். உட்கார்ந்தோம். யாரும் தொடவில்லை. டீச்சர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்துச் சாப்பிடலாம் என்று நான் காத்திருக்கிறேன், அவரோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரி எடுத்தால்தான் விருந்தாளி எடுப்பார் போலிருக்கிறது என்று ஒரு இதழைப் பிய்த்து வெண்ணெயில் தோய்த்து அப்படியே வாயில் போட்டேன். டீச்சரும் போட்டார். இவரும் போட்டார். மென்றோம். அண்ணி, அது கயிறு. மெல்ல மெல்ல வாயில் வளர்கிறது, தொண்டைக்குப் போவேனா என்கிறது. துப்பலாம் என்றால் டீச்சர் துப்பவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறது, தாடை மட்டும் ஒரே தாளத்தில் அசைகிறது. வாயில் போட்டால் அதுவே போய்விடும் என்று சொன்னவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். அப்படி ஒரு நிசப்தம் இந்த வீட்டில் பாப்பா பிறந்ததிலிருந்து இருந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து என் மடியிலிருந்த பாப்பா எட்டி, டீச்சர் தட்டிலிருந்து ஒரு இதழை உருவிவிட்டாள். நான் பதறிப் பிடுங்குவதற்குள் அடிப்பக்கத்தை வாயில் வைத்து, இருக்கிற நாலு பல்லால் ஒரு இழு இழுத்து, சப்புக் கொட்டிவிட்டு, மிச்சத்தை வீசினாள். அது நேராகப் போய் டீச்சரின் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அடுத்ததை உருவினாள், இழுத்தாள், வீசினாள். “ஐயோ பாப்பா, தப்பு தப்பு!” என்று நான் கையைப் பிடிக்கிறேன். வாய் நிறைய நார் இருந்ததால் அதுகூடச் சரியாக வரவில்லை.

டீச்சர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாப்பாவையே ஒரு நிமிஷம் பார்த்தார். மேடையில் வேகாமல் கிடந்த நாலாவது உருண்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். வாயைத் திறக்காமலே தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். கொடுத்த பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனால் அதற்கு என்ன அர்த்தம் அண்ணி? சிறு பிள்ளைக்கும் தெரியும். தட்டிலிருந்ததையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு அழுதேன். உங்கள் தம்பி, “மூணுதான் அடிச்சுது” என்றார்.

அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். யார் வீட்டிலும் போய் இருக்கமாட்டேன் என்பது உங்கள் கொள்கை, தெரியும். காலை நடைக் கூட்டாளிகளையும் பூனையையும் விட்டு வருவது கஷ்டம், அதுவும் தெரியும். இருந்தாலும் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு ஆறு மாதம் எங்களோடு வந்து இருங்கள். பூனையையும் கூட்டி வாருங்கள். உங்கள் குக்கரைப் பற்றி இனி ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன்; சைபருக்கு அப்புறம் அது எண்ணியது, சமைத்ததைச் சூடாக வைத்திருக்கிற நேரமாம், அட்டைப்பெட்டியில் இப்போதுதான் படித்தேன். இந்த வேலை போனால் நான் நாள் முழுக்க வீட்டில் இருந்து பாப்பா மூச்சு விடுகிறாளா என்று எண்ணிக்கொண்டே பைத்தியமாகிவிடுவேன். அது அவளுக்கும் நல்லதில்லை.

உங்கள் ஆசி எங்கள் மூன்று பேருக்கும் வேண்டும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாக. பூனையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
தம்பி மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள் அண்ணி. விடிந்துவிட்டது. உறையை ஒட்டப் போகும்போது டீச்சர் வந்தார். “நான் இத வளத்தேனே தவிரச் சாப்பிட்டதே இல்லம்மா. விதைக் கடைக்காரன் குடுத்தான், மொளச்சுது. எப்படிச் சாப்பிடறதுன்னு யார்கிட்டயும் கேக்க வெக்கம். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். கடைசியில ஒம் பொண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கு” என்றார். நேற்று வாயிலிருந்ததைத் துப்பத்தான் அவ்வளவு அவசரமாக இறங்கிப் போனாராம். போன கையோடு அந்த நாலாவதை வேகவைத்து, பாப்பா மாதிரியே பல்லால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டாராம். அடியில் ஒரு மெத்தென்ற வட்டு இருக்கிறதாம், அதுதான் அமிர்தமாம். நாங்கள் அப்படி மூன்று வட்டைக் குப்பையில் கொட்டியிருக்கிறோம். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். “குழந்தை அழுதது நியாயந்தான். அந்த விசிலுக்கு நானே அழுதிருப்பேன். அப்புறம் உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, நாலு விசில். கீழ உக்காந்து எண்ணினேன்” என்றார். முதல் தேதியிலிருந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். பதிலுக்கு உங்கள் குக்கரை அவ்வப்போது இரவல் தர வேண்டுமாம்.

ஆகவே நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தால், உங்கள் தம்பி இப்போதுதான் எழுந்து வந்து, நேற்று நான் அழுததைப் பார்க்க முடியாமல் தூங்கப் போகும் முன்பே உங்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொல்கிறார். பூனைக்கும் சேர்த்து. நிம்மதியாகத் தூங்கினாரே என்று பார்த்தேன். நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், டீச்சரோடு சேர்ந்து ஆர்டிசோக் சாப்பிடலாம். வருகிறீர்களா இல்லையா என்று மட்டும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.