ரெண்டு கதவு அண்ணையின் எதிர் நாற்காலி

லண்டன் மாநகரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் குற்றமாக அறிவித்த ஒரே மனிதர் ரெண்டு கதவு அண்ணைதான். அந்த ஊர் ரயிலில் ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் படும்படி நின்றுகொண்டு போனாலும் யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். ஒரு நகரமே கூடிக் கட்டிக் காத்த அந்த ஒழுக்கத்தை, கிங்ஸ்பரியில் ஒரு சலூனுக்கும் ஒரு மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்த தன்னுடைய சாப்பாட்டுக் கடையில் அவர் தினமும் மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை உடைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டது நான் செய்த தவறுகளில் சின்னது. பெரியதைப் பிறகு சொல்கிறேன்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மனைவி சாரதா காலமான பிறகு, "அப்பா அங்க தனியா இருக்க வேண்டாம்" என்று மகன் என்னை ஆறு மாதத்துக்கு லண்டனுக்கு அழைத்துக்கொண்டான். மகனும் மருமகளும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் மாலை ஏழுக்குத்தான் திரும்புவார்கள். தனியாக இருக்கக் கூடாது என்று அழைத்துவரப்பட்ட நான், அங்கே வாரத்தில் ஐந்து நாளும் பகல் முழுக்கத் தனியாக இருந்தேன். சமையலறை பாய்லரோடு பேச ஆரம்பித்தேன். அது பதில் சொல்வதுபோல் தோன்றிய அன்று, குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன்.

அப்படிப் போய் நின்ற இடம்தான் அந்தக் கடை. ஒரே கடை, இரண்டு வாசல். ஒரு கதவில் 'சைவம்', மறு கதவில் 'மச்சம்'. அண்ணையின் ஊரில் அசைவத்துக்கு அதுதான் பெயர். உள்ளே நடுவில் சுவர், சுவரில் ஒரு கண்ணாடி. இரண்டு சமையலறை, இரண்டு செட் சட்டி, இரண்டு செட் அகப்பை, அண்ணைக்கு இரண்டு ஏப்ரன். பச்சை ஏப்ரன் சைவத்துக்கு, சிவப்பு மச்சத்துக்கு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக உள்ளே ஒரு சின்ன வழி இருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி. ஜெர்மனியில் பதினெட்டு வருடம் ஒரு உணவகத்தில் பன்றி இறைச்சி வெட்டியவர் அவர். "அந்தக் கை இது. கழுவாமல் ஏலுமோ?" என்பார். அங்கிருந்து லண்டன் வந்தபோது ஜெர்மன் மொழியில் கோபத்தை மட்டும் கொண்டுவந்திருந்தார். அடுப்பில் ஏதாவது தீய்ந்தால், "நைன்! நைன்! நைன்!" என்று ஜெர்மன்காரர்களின் 'இல்லை' மூன்று தடவை கேட்கும்.

முதல் நாள் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"எந்தச் சைவம்?"

"புரியலைங்க."

"வெள்ளிக்கிழமைச் சைவமோ, டொக்டர் சொன்ன சைவமோ, மனிசிக்குப் பயந்த சைவமோ?"

"நான் பிறவியிலேயே சைவம்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

"அதில உங்கட கெட்டித்தனம் ஒண்டும் இல்லையே, ஐயா. சரி, வாங்கோ."

சுவரோரம் காலியாக இருந்த மேசையை நோக்கி நடந்தேன். "அங்க ஏலாது!" என்று சத்தம் வந்தது. "இஞ்ச ஒருத்தரும் தனிய இருந்து சாப்பிடுறேல்லை." தோளைப் பிடித்துத் திருப்பி, நீள மேசையில் தாடி வைத்த ஒரு ஐம்பது வயதுக்காரருக்கு எதிரே என்னை உட்கார வைத்தார். வெற்று நாற்காலிக்கு எதிரே யாரும் உட்காரக் கூடாது. அதுதான் கடையின் சட்டம். கூட ஆள் வரும்வரை சோறு வராது. ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார இளைஞன் மடிக்கணினியோடு வந்து ஒரு விரலைக் காட்டினான். அண்ணை இரண்டு விரலைக் காட்டி, "நோ வன். மினிமம் டூ" என்றார். அவனைக் கொண்டுவந்து என் எதிரில் போட்டார். பதினைந்து நிமிடம் அவன் திரையையே பார்த்தான். பிறகு எப்படியோ பேச்சு வந்து, போன வாரம் செத்துப்போன தன் நாயைப் பற்றிச் சொல்லிக் கண்கலங்கினான். நான் பதறிப்போய் அண்ணையைப் பார்த்தேன்.

"அழுகிறதெண்டால் அழட்டும், புரபெசர். இடியப்பம் ஆறாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

கலப்புத் தம்பதிகள் வந்தால் வேடிக்கை. கணவர் மச்சக் கதவால் போவார், மனைவி சைவக் கதவால் வருவார். கண்ணாடிக்கு இருபுறமும் நேருக்கு நேர் உட்காருவார்கள். அங்கே எதிர் நாற்காலி சட்டம் கண்ணாடி வழியாக நிறைவேறிவிட்டதாகக் கணக்கு. ஒரு தடவை ஒரு அம்மாள் சாப்பாட்டின் நடுவே கணவருக்குப் போன் போட்டார். "மூண்டாவது ரோல்ஸ் அது. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்." கண்ணாடிக்கு அப்பால் ஒரு மனிதர், கையில் கடித்த மட்டன் ரோல்ஸோடு, அப்படியே சிலையானார்.

எனக்கு வாய்த்த எதிர் நாற்காலி பெரும்பாலும் அந்தத் தாடிக்காரர்தான். மூன்றாம் நாள்தான் பேசினார். "அம்மா போய் இண்டைக்குப் பதினொரு நாள். முப்பத்தொராம் நாள் வரைக்கும் நாங்கள் மச்சம் தொடுறேல்லை. வீட்டில சமைக்க ஆளில்லை. அதுதான் இஞ்ச வாறன்."

அதற்குப் பிறகு நீள மேசையை வேறு கண்ணால் பார்த்தேன். சவரம் செய்யாத முகங்கள், பாதியில் நிற்கிற கைகள். சைவக் கதவால் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு சாவு நடந்த வீட்டிலிருந்து நேரே வந்தவர்கள். நானும்தான். என்னுடையது பதினொரு மாதத்துப் பழசு, அவ்வளவுதான் வித்தியாசம். தாடிக்காரரும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சொதியை அவர் என் பக்கம் தள்ளுவார், அப்பளத்தை நான் அவர் பக்கம் தள்ளுவேன். திருச்சியை விட்டு வந்த பிறகு எனக்குக் கிடைத்த மிக நெருக்கமான உறவு அதுவாக இருந்தது.

இனி என் தவறு.

சாரதாவின் முதல் வருடத் திதி வந்தது. மகன் ஏதாவது சொல்வான் என்று காலையில் குளித்து, வேட்டி கட்டி, ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அவன் காதில் போனோடு வந்தான். "அப்பா, ரீசைக்ளிங் பின்னை மட்டும் வெளியே வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். வைத்தேன். அவனுக்கு நினைவூட்டவில்லை. அவனாக நினைக்க வேண்டும் என்று இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வேட்டி மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

அன்று தாடிக்காரருக்கு இருபத்தொன்பதாம் நாள். அண்ணை துவையல் மாதிரிப் புதிதாக ஒரு சம்பல் வைத்துவிட்டு அடுத்தவருக்குப் பரிமாறப் போனார். சிவப்பாக, உதிரியாக இருந்தது. வாயருகே கொண்டுபோனேன். கடல் வாசம். அண்ணையின் ஊர்ச் சம்பலில் மாசி என்னும் கருவாட்டை இடித்துப் போடுவார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். அவ்வளவுதான்.

எழுந்து நின்று கத்தினேன். "மீன்! சைவம்னு எழுதி வச்சுட்டு மீனைப் போடறீங்களா? எதுக்கு இந்த ரெண்டு கதவு, எதுக்கு இந்தக் கை கழுவற நாடகம்? இன்னிக்கு என்ன நாள் தெரியுமாய்யா?"

என்ன நாள் என்று அங்கே யாருக்கும் தெரிய வழியில்லை. தெரிந்திருக்க வேண்டியவன் அலுவலகத்தில் இருந்தான். அவன் மேல் காட்ட வேண்டிய கோபம் அது. இதை அன்றே அறிவேன். அறிந்துகொண்டே கத்தினேன்.

எதிரே தாடிக்காரர் தட்டிலிருந்து கையை எடுத்தார். அவர் ஏற்கெனவே பாதிச் சம்பலைச் சாப்பிட்டிருந்தார். கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள்தானே இருந்தது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கை கழுவாமலே வெளியே போனார்.

அண்ணை பச்சை ஏப்ரனோடு நின்றுகொண்டிருந்தார். நான் "நைன்! நைன்! நைன்!" வரும் என்று காத்திருந்தேன். அவர் ஜெர்மனில் ஒன்றும் சொல்லவில்லை. தமிழிலும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, இணையத்தில் அந்தக் கடைக்கு நட்சத்திரம் போடும் இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலு பத்தி எழுதினேன். முப்பத்து நான்கு வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவன். நன்றாகவே எழுதினேன். இரண்டு நாளில் நிறையப் பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். தனியாக இருக்கிறவனுக்கு அந்தக் கைதட்டல் இனிக்கத்தான் செய்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகள் சோபாவில் உட்கார்ந்து ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். அதே வாசம்.

"என்னம்மா, மீனா?"

"ஐயோ, மீன் இல்ல மாமா. கடல்பாசி. காயவச்சு வறுத்தது. ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க."

கடற்பாசி. நான் முனைவர் பட்டம் வாங்கியதே மன்னார் வளைகுடாவின் கடற்பாசிகளைப் பற்றித்தான். மூன்று வருடம் தினமும் மோந்த வாசம் அது. உலகத்தில் அதை மீன் என்று சொல்லக் கூடாத ஒரு மனிதன் உண்டென்றால் அது நான்தான்.

அன்றே, எழுதியதை அழித்தேன். அழித்தால் படித்தவர்கள் படிக்காதவர்கள் ஆகிவிடுவார்களா? மறுநாள் கடைக்குப் போனேன். சைவக் கதவு பூட்டியிருந்தது. 'இந்தப் பக்கம் இப்போதைக்கு இல்லை' என்று அண்ணையின் கையெழுத்தில் ஒரு தாள்.

பக்கத்துக் கதவின் முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்படி ஒரு கதவைத் தாண்டியது இல்லை என்பதில் எழுபத்து நாலு வருடமாக எனக்கு ஒரு பெருமை உண்டு. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

சிவப்பு ஏப்ரனில் இருந்த அண்ணை நிமிர்ந்தார். "புரபெசர், கதவு மாறி வந்திட்டீங்கள்."

"இல்ல அண்ணை. தெரிஞ்சேதான் வந்தேன். அது கடல்பாசி."

"ஓம். கடற்பாசியும் காயவச்ச வாழைப்பூவும்."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீங்கள் கேக்கேல்லையே, ஐயா. தீர்ப்பெல்லோ சொன்னனீங்கள்." கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு கிழமை, பதினாலு நாள் தாண்டினால் சாவீட்டுக்காரருக்கு நாக்கு மாசியைக் கேக்கும். அம்மா செத்து நாள் ஆகேல்லை, வாய் கேக்குதே எண்டு வெக்கப்படுவினம். வெளியில சொல்லமாட்டினம். அதுக்காக யோசிச்சுச் செய்தது."

தாடிக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

"அண்டைக்கே வீட்டை போய், பாசிப் பாக்கெட்டைக் காட்டிச் சொன்னனான். நம்பினவர். ஆனால் பிறகு இஞ்சால வரேல்லை."

"நான் வேணும்னா மறுபடியும் எழுதறேன். எல்லாருக்கும் தெரியற மாதிரி."

"எழுதினது போதும். சாப்பிட்டீங்களோ?"

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். ஏப்ரனை மாற்றினார். உள் வழியாக என்னைச் சைவப் பக்கம் அழைத்துப்போய் விளக்கைப் போட்டார். நாற்காலிகளை எல்லாம் மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒன்றை இறக்கி என்னை உட்கார வைத்து, சோறும் பருப்பும் அந்தச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். பிறகு எதிரே இன்னொரு நாற்காலியை இறக்கினார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இப்ப ஆள் கிடைக்காது" என்றார். "சட்டம் சட்டம்தானே."

தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டார், இரண்டு பேரும் சாப்பிட்டோம். அன்று இரவு மகனிடம் திதி கடந்துபோனதைச் சொன்னேன். அவன் அழுதான். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு கதவு திறந்தே இருந்திருக்கும்.

திருச்சிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தக் கதவு திறந்ததா என்று தெரியாது. கடைக்குப் போன் போட்டு என்ன பேசுவதென்றும் தெரியவில்லை. இங்கே சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலியை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் தட்டை எடுத்துவைக்கிறேன். முதல் வாய் எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா இருப்பேன், "அங்க ஏலாது!" என்று யாராவது அதட்டமாட்டார்களா என்று.