பத்து வருட உத்தரவாத மெத்தை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு நீங்கள் நால்வரும் சுகமென்று ஞாயிறன்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டதால் மறுபடி விசாரிக்கவில்லை.

அன்று பேச்சோடு பேச்சாக, "அத்தைக்குன்னு தனியா ஒரு மேட்ரஸ் வாங்கிட்டோம் மாமா, பத்து வருஷம் கேரண்டி" என்றீர்கள். நான் பதறவில்லை. நாற்பது வருடம் நிருபராக இருந்தவன். மேட்ரஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க மறுநாளே நூலகம் போனேன். அது ஆங்கிலேயரின் சொந்தச் சொல் இல்லை. அரபியில் எறிவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. ஒன்றைக் கீழே போடும் இடத்துக்குப் பெயர். பிறகு அங்கே போட்ட மெத்தைக்கே பெயராகி, இத்தாலி, பிரான்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. இரண்டு அகராதிகள் இதை ஒப்புக்கொள்கின்றன. ஆகவே மேட்ரஸ் என்பது வந்தவர்கள் படுக்கத் தரையில் போட்டு, அவர்கள் கிளம்பியதும் சுருட்டி வைக்கும் பொருள் என்பது என் முடிவு. இந்தக் கடைசி வரிக்கு மட்டும் இரண்டாவது சாட்சி கிடைக்கவில்லை. முதல் சாட்சியும் நான்தான். இதற்குப் போய்ப் பத்து வருட உத்தரவாதம் எதற்கு?

மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் உதவி என்று உங்கள் அத்தை அங்கு வந்து இது எட்டாவது மாதம். குறையாகச் சொல்லவில்லை. போகும்போது எங்கள் மெத்தையை மாதம் ஒருமுறை புரட்டிப் போடச் சொல்லியிருந்தாள், அது இருவர் வேலை என்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது, தனியாகத் தூக்கப்போய் அது என்னைச் சுவரோடு சேர்த்துச் சாத்திவிட்டது, நான் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக் கம்பவுண்டர் ஓடிவந்து, "என்ன சார், மெத்தைகூட மல்லுக்கு நிக்கிறீங்க? அம்மா எப்பதான் வராங்க?" என்று கேட்டபடியே புரட்டிப் போட்டுவிட்டுப் போனார். அவள் படுத்துப் படுத்து விழுந்த பள்ளம் அடிப்பக்கம் போய்விட்டது. மறுநாள் அவரையே கூப்பிட்டுப் பழையபடி திருப்பிப் போடச் சொன்னேன்.

மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவசரமும் இல்லை, அவள் முடிந்தபோது நிதானமாக வரட்டும். மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள், உங்களுக்கும் குறைவில்லாமல் ஒரு பங்கு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வருவதற்கு மட்டும்தான். திரும்பும் தேதியை உங்கள் அத்தைதான் சொல்ல வேண்டும். அதுவரை நானும் அங்கேதான். முன்கூட்டி அவளிடம் சொல்லிவிட வேண்டாம். "எதுக்கு இந்த அலைச்சல், வராதீங்க" என்பாள். அவள் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை.