மான்கள் தேர்ந்தெடுத்த வண்டி

ஒரு காட்டில், தார்ச் சாலையும் செல்போன் கோபுரமும் வந்த பிறகும் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், ஒரு புலிக்கு முழங்கால் தேய்ந்துபோனது.

புலிக்கு முழங்கால் தேய்ந்தால் யாருக்கு நல்லது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்தக் காட்டு மான்கள் இரண்டு வருடமாகக் கொஞ்சம் சதைபோட்டிருந்தன. குளத்துக்குப் போனால் தண்ணீர் குடித்துவிட்டு, அங்கேயே நின்று நாலு பேரைப் பற்றிப் பேசிவிட்டு வரும் அளவுக்குத் துணிச்சலும் வந்திருந்தது. புலியோ நண்டையும் எலியையும் தின்று காலத்தை ஓட்டியது. யாராவது கேட்டால் டயட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டது.

ஒரு நாள் அதற்குப் பொறுமை போய்விட்டது. நடந்து போய் மான் பிடிக்க முடியாவிட்டால், ஏறி உட்கார்ந்து போய்ப் பிடிக்கலாமே என்று தோன்றியது. இரண்டு வண்டிகள் அதன் மனதில் இருந்தன. ஒன்று, பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்த சொகுசு ஹைப்ரிட் எஸ்யூவி. அதன் சீட்டே முதுகைப் பிடித்துவிடும். இன்னொன்று, முழுக்க எலெக்ட்ரிக் எஸ்யூவி. கண்ணாடிக் கூரையைத் திறந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை வெளியே நீட்டலாம்.

அந்தக் காட்டில் ஒரு விதி இருந்தது. எந்தப் பெரிய காரியத்தைத் தொடங்கினாலும், அதனால் பாதிக்கப்படப் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். நமது புலி விதியை மதிக்கிற புலி. ஆகவே மான்களுக்கு அழைப்பு போனது. ஐயா வாங்கவிருக்கும் வண்டி குறித்துக் கருத்துக்கேட்புக் கூட்டம், பாறைத் திடலில், தேநீர் வழங்கப்படும்.

மான்களுக்குத் தலைகால் புரியவில்லை. நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று பூரித்துப்போயின. மான் கூட்டத்தின் தலைவர் மருதமுத்து, கொம்பை மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டது. செண்பகவல்லி என்ற பெண்மான் மட்டும் முகத்தைச் சுளித்தது. அது அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. குட்டிக்கு நிற்கவே வரவில்லை, எங்கே ஓடுவது?

"அண்ணே, நம்மளப் பிடிக்கத்தானே வண்டி வாங்குறாரு?" என்றது செண்பகவல்லி.

"எப்பப் பாரு நெகட்டிவாவே பேசாத தங்கச்சி. மரியாதையாக் கூப்பிட்டுக் கேக்குறாங்க. போயி, நமக்குத் தோதானதச் சொல்லிட்டு வருவோம்" என்றது மருதமுத்து.

கூட்டம் ஜோராகத்தான் ஏற்பாடாகியிருந்தது. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, எதிரொலிக்கிற மைக். புலி பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. வண்டிக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக டை கட்டிய ஒரு நரி வந்திருந்தது. சபாபதி என்று பெயர்.

"எந்த வண்டிங்கறது மட்டும்தான் இன்னைக்குப் பேச்சு. மத்த விஷயத்த எல்லாம் இதுல கலக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சபாபதி இரண்டு வண்டிகளையும் மான்களுக்கு ஓட்டிக் காட்டியது. எலெக்ட்ரிக் வண்டியைத் தார்ச் சாலையில் வேகமாக விட்டது. சத்தமே இல்லாமல் அது பக்கத்தில் வந்து நிற்க, இரண்டு கிழட்டு மான்கள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தன. ஹைப்ரிட் வண்டியைப் பாறை மேட்டில் ஏற்றியது. அது உறுமிய உறுமலில் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கொக்குகள்கூடப் பறந்துபோயின.

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

செண்பகவல்லி மைக்கை வாங்கியது. "எலெக்ட்ரிக் வண்டின்னா சார்ஜ் எங்க போடுவாரு?"

"காட்டுக்குள்ள பிளக் பாயின்ட் இருக்கறது ஃபாரஸ்ட் பங்களாவுல மட்டும்தான் மேடம்."

"அங்க மயக்க ஊசித் துப்பாக்கியோட ஆளுங்க இருப்பாங்கல்ல?"

சபாபதி இருமியது. புலி ஷாமியானாவின் வேலைப்பாட்டை ரசித்தது.

"அப்ப எலெக்ட்ரிக்கே வாங்கட்டும். சார்ஜ் போடப் போனா மாட்டுவாரு, போகலன்னா வண்டி நின்னுடும். எப்படியும் நமக்கு நல்லது" என்றது செண்பகவல்லி. உட்காரப் போனது, மறுபடி எழுந்தது. "அந்த ஹைப்ரிட்டு மெதுவாப் போறப்பவும் இதே சத்தம் வருமா?"

நல்ல விற்பனைப் பிரதிநிதி பொய் சொல்லமாட்டான். "எஞ்சின் இருக்கு மேடம். எஞ்சின் இருந்தா சத்தம் வராம இருக்குமா?" என்று திருப்பிக் கேட்டது சபாபதி.

மருதமுத்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டது. "சத்தம் வந்தா ஓடப்போறோம். இதுல போட்டுக் குழப்பிக்க என்ன இருக்கு? ஹைப்ரிட்டுக்குச் சம்மதம்னா காலத் தூக்குங்க."

எல்லா மான்களும் முன்னங்காலைத் தூக்கின. செண்பகவல்லி தூக்கவில்லை. அதை யாரும் பார்க்கவுமில்லை. புலி நெகிழ்ந்துபோய், "உங்க விருப்பம்தான் என் விருப்பம்" என்றது. பிறகு எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

வண்டி வந்த அன்று பூஜை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காயை உடைத்தது மருதமுத்துதான். அட்டையில் செய்த பெரிய சாவியைப் புலியிடம் கொடுத்ததும் அதுதான். சாவி கொடுக்கும்போது எடுத்த படத்தை அது பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இனிமேல் யாரும் காற்றை மோப்பம் பிடிக்க வேண்டாம், குளக்கரையில் காவலுக்கு ஆள் நிற்க வேண்டாம், எஞ்சின் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டால் போதும் என்று மருதமுத்து அறிவித்தது. மான்களுக்கு ஏகக் கொண்டாட்டம். காவல் நிற்பது எல்லோருக்குமே தலைவலியாகத்தான் இருந்தது. மூக்கு என்று ஒன்றைக் கொடுத்திருப்பது எதற்கு என்று ஒன்றுக்காவது உறைத்ததா? இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

செண்பகவல்லி மட்டும் ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் தலையைத் தூக்கி மோந்து பார்த்தது. மற்ற மான்கள் அதைப் பார்த்துச் சிரித்தன.

மறுநாள் சாயங்காலம் எல்லா மான்களும் குளத்தில் இருந்தன. மேட்டிலிருந்து குளத்துக்கு ஒரு சரிவு உண்டு. அந்தச் சரிவில் வண்டி மெல்ல இறங்கியது. சரிவில் மெல்ல இறங்கும் வண்டிக்கு எஞ்சின் எதற்கு? பேட்டரியே போதும். சருகு நொறுங்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

செண்பகவல்லிக்குப் புது சீட்டின் வாசனை அடித்தது. அதற்கு அடியில் புலியின் பழைய வாசனையும் அடித்தது. அது காலைத் தரையில் அடித்து, குட்டியை மூக்கால் புதருக்குள் தள்ளியது.

"அண்ணே, ஓடுங்க. வந்துட்டாரு."

"சத்தமே வரலியே. சும்மா பீதியக் கிளப்பாத தங்கச்சி" என்றது மருதமுத்து. அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வண்டி திரும்பி மேட்டில் ஏறும்போது அதில் இரண்டு பேர் இருந்தார்கள். பாரம் கூடியதால் எஞ்சின் பிரமாதமாக உறுமியது. அந்தச் சத்தம் கேட்டவுடன், தீர்மானித்தபடியே, எல்லா மான்களும் தலைதெறிக்க ஓடின.

இரங்கல் கூட்டத்தில் மான்கள் ஒரு முடிவுக்கு வந்தன. சத்தம் வரும் என்று சொன்னது பொய்யில்லை, வந்தது, சற்றுத் தாமதம். சர்வீசில் விட்டால் சரியாகிவிடும். செண்பகவல்லி நேரே ஷோரூமுக்குப் போய்ச் சபாபதியின் முன்னால் நின்றது.

"மெதுவாப் போனா பேட்டரியிலதான் ஓடும் மேடம். அதுக்குப் பேருதான் ஹைப்ரிட்" என்றது சபாபதி.

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"அன்னைக்கு நீங்க கேள்வி கேட்டீங்க, நானும் கேள்வி கேட்டேன். பதில யாரும் கேக்கலியே. மெதுவாப் போறப்ப நடந்து போறவங்களுக்காக ஒரு எச்சரிக்கைச் சத்தம் ரெண்டு வண்டியிலயும் வெச்சிருக்கோம். ஐயா கூட்டத்துக்கு முன்னாடியே அதக் கழட்டச் சொல்லிட்டாரு, தலைவலிக்குதாம்."

அடுத்த மாதம் மான்களுக்கு மறுபடி அழைப்பு வந்தது. புலியின் மனைவிக்கும் ஒரு வண்டி வேண்டுமாம். மான்கள் பாறைத் திடலுக்கு முண்டியடித்துக்கொண்டு போயின. இந்தத் தடவை ஏமாறக் கூடாது, எலெக்ட்ரிக்தான் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டன. செண்பகவல்லியும் போனது. குட்டி அதன் பின்னங்காலை ஒட்டி நின்றது.

"வண்டியே வேண்டாம்னு சொல்ல இங்க இடமிருக்கா?" என்று செண்பகவல்லி மைக்கில் கேட்டது.

சபாபதி தன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தது. "அது வேற கூட்டம் மேடம். அது முடிஞ்சிடுச்சு."

"அதுக்கு யாரு வந்திருந்தாங்க?"

"ஐயாவும் அம்மாவும் வந்திருந்தாங்க."

*

நீதி: உங்களைத் தின்னப்போகிறவர் எந்த வண்டி வாங்கலாம் என்று உங்களிடமே யோசனை கேட்டால், மைலேஜ், சார்ஜ், சத்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். டிக்கி விசாலமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதில் போகப்போவது நீங்கள்தான்.